காட்டுப் பக்கத்து வேலி

விசுவமடுக் குடியேற்றக் காணிக்கு வந்து இறங்கிய அன்று மத்தியானமே விமலேஸ்வரி கிணற்றடிக்குப் போனாள். லொறியில் வந்த புழுதி உடம்பெல்லாம் ஒட்டியிருந்தது. மார்புக்கு மேல் முடிந்த குறுக்குக்கட்டோடு நின்று ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றியவள், அடுத்த வாளியை ஊற்றவில்லை. காட்டுப் பக்கமிருந்து யாரோ பார்ப்பதுபோல இருந்தது.

பாலை மரங்கள் அசையாமல் நின்றன. குருவிச் சத்தம்கூட இல்லை. அவளுக்கு உடம்பு கூசியது. ஈர உடுப்போடு வீட்டுக்கு ஓடிவந்து கணவன் கதிர்காமநாதனிடம் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, முதல் வேலையாக் கிணத்தடியை மறையுங்கோ. இல்லாட்டி நான் இஞ்சை குளிக்கமாட்டன்."

அவனுக்கு அது கரும்பு தின்னக் கூலி. யாழ்ப்பாணத்து மனுசனுக்கு வேலியில்லாத காணியில் சோறு இறங்குமா? என்ன நடலாமென்று பக்கத்துக் காணி நேசமலரிடம் கேட்டார்கள்.

"கிளுவை வேண்டாம் பிள்ளை. கோடையிலை இலை கொட்டிப்போட்டு வெறும் தடியா நிக்கும். பூவரசு மேலைதான் அடர்த்தி, கீழாலை எல்லாம் தெரியும். பூவரசங் கதியால் தடியளுக்கு இடையிலை ஆடாதோடையை நெருக்கி நடு. ஆடும் கடிக்காது, அடியிலையிருந்தே மறைக்கும்."

பிறகு அவள் குரல் தணிந்தது.

"காட்டுப் பக்கம் மட்டும் நடாதை."

"அந்தப் பக்கத்துக்குத்தானே அக்கா மறைப்பே வேணும்?"

"உச்சி வெய்யிலுக்கு ஒருத்தி குளிக்க வாறவ. ஆரெண்டு தெரியாது. குளிச்சிட்டுத் தன்ரபாட்டிலை போயிடுவா. முந்தி இருந்தவையும் அந்தப் பக்கத்தைத் திறந்துதான் வைச்சவை."

"பேய்க்கும் வழி விடவேணுமாம்!" என்று கதிர்காமநாதன் சிரித்தான். விமலேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாதவளைவிட அந்தப் பார்வைதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. நாலு பக்கமும் நடச் சொன்னாள். வீட்டுப் பக்கம் மட்டும் போய்வரத் திறந்து சாத்தும் ஒரு படலை.

காட்டுப் பக்கத்துக் கடைசிக் கதியாலை அவன் மிதித்து இறுக்கியபோது உச்சி வெயில். திரும்பிப் பார்த்தால் கிணற்றடி நனைந்திருந்தது. வாளி ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மாரியில் வேலி மளமளவென்று அடர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாது. மழை விட்ட ஒரு நாள் மத்தியானம், இனி நிம்மதி என்று விமலேஸ்வரி குளிக்கப் போனாள்.

பார்வை அப்படியே இருந்தது.

இப்போது மிகக் கிட்ட.

ஆடாதோடை இலைகள் உட்பக்கத்தில் மட்டும் பிய்ந்து கிடந்தன. வேலி ஓரமாக, சுற்றிச் சுற்றி, ஈரமான காலடிகள். வழி தேடி அலைந்த காலடிகள்.

அவை படலையில் வந்து முடிந்தன. படலை திறந்திருந்தது.

அதைச் சாத்திவிட்டு வந்தது அவளுக்கு நல்ல ஞாபகம்.

"வெட்டுங்கோ," என்று வீட்டுக்கு ஓடிவந்து கணவனின் காதருகே சொன்னாள். "காட்டுப் பக்கத்தை இப்பவே வெட்டுங்கோ."

அவளுடைய முகத்தைப் பார்த்தவன் உடனே எழுந்தான். கத்தியை எடுத்துக்கொண்டு போய், இருட்டுமுன் அந்தப் பக்க வேலி முழுவதையும் தறித்து விழுத்தினான். அடைபட்டவள் அந்த வழியால் போயிருப்பாள் என்று இருவரும் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள்.

அதன்பின் விமலேஸ்வரி கிணற்றடியை எட்டியும் பார்க்கவில்லை. அவன் அள்ளிவந்து வைக்கும் தண்ணீரில் குசினிக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில், குளிப்பதென்று முடிவுசெய்தாள். கதவைப் பூட்டினாள். யன்னலைச் சாக்கால் மறைத்தாள். ஓலை இடுக்குகளில்கூடத் துணி அடைத்தாள். ஒரு கண்ணும் எட்டாத இடம் கடைசியில் கிடைத்துவிட்டது என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

வாளிக்கு முன்னால் குந்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டாள்.

பாசி மணத்தோடு குளிர்ந்த தண்ணீர் அவள் தலையில் விழுந்து முதுகு வழியே இறங்கியது.

வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது. அவள் இன்னும் ஒரு கை தண்ணீர்கூட அள்ளவில்லை.