மூணு பத்துக்கு ஆன் ஆகும் மெஷின்

"ஐயோ... சார்ர்ர்!"

டெஸ்டிங் பெண்ணின் அலறல் மீட்டிங் அறை வரை கேட்டது.

"தாடி சாரோட மெஷின்... இன்னிக்கும் தானா ஆன் ஆயிடுச்சு!"

மணி மூன்று பத்து. பட்டப்பகல்!

மீட்டிங்கில் இருந்த மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். தாடி என்று எல்லாரும் கூப்பிட்ட புரோகிராமர் மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்ததும் இதே மூன்று பத்துக்குத்தான். அவன் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் இருந்தது. 'மன்னிச்சிடுங்க. முடியலை.' போலீஸ் ஃபைலை மூடிவிட்டது.

அந்தக் கடிதத்தைத் தட்டியது மேனேஜர்!

தாடியைத் தள்ளியதும் அவர்தான். கம்பெனியின் ரகசியத்தை இவர் வெளியே விற்றதை அவன் கண்டுபிடித்துவிட்டானே!

ஆனால் கெர்னல்...

கம்பெனி விற்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அதுதான் உயிர். தாடி எழுதியது. எந்த விசையைத் தட்டினாலும் உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கடிதத்தின் விசைகளும் அதில் இருக்கும். தாடி பழைய தட்டச்சு முறையில் அடிப்பவன். இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைப்பது ஆபீஸிலேயே மேனேஜர் ஒருத்தர்தான். கெர்னலையே தூக்கினால்தான் தப்பிக்கலாம்!

"மாத்திடலாம்மா," என்றார் முதலாளியம்மாவிடம். "புது பிரிண்டரைக் கண்டாலே பழைய கெர்னல் முழிக்குது. எத்தனை நாளைக்கு ஒட்டுப் போடறது?"

"கூடவே கூடாது!" தாடியின் மனைவி எழுந்தாள். அவளும் அதே டீம். "கஸ்டமரோட பழைய சாஃப்ட்வேர் பாதி படுத்துடும். அதோட... என் வீட்டுக்காரர் அதுலதான் இருக்கார். தினம் வந்துட்டுப் போறாரே, பாக்கலையா?"



"போதும்," என்றார் முதலாளியம்மா. "மாத்தினா யாரு பொறுப்பு?"

"நான்! நானே என் பாஸ்வேர்டைப் போடறேன்!"

தாடியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி சார். அவர் மெஷின்லேர்ந்தே ஆரம்பிங்க. நிம்மதியா போகட்டும்."

மூவரும் தாடியின் மேஜைக்குப் போனார்கள். 'பழைய கெர்னலை நீக்கவா?' என்றது திரை.

நீக்கு! மேனேஜர் பாஸ்வேர்டைத் தட்டினார். மூச்சு வந்தது.

திரை கறுத்தது. பிறகு... வரி வரியாக ஓட ஆரம்பித்தது!

"எ... என்ன இது?"

"நீக்கறதுக்கு முன்னாடி குறிச்சு வச்சதை மொத்தமா கொட்டிட்டுத்தான் போகும் சார். அவர் அப்படித்தான் எழுதியிருக்கார். அதுக்கு உங்க பாஸ்வேர்டு வேணும். நான் கேட்டா குடுத்திருப்பீங்களா?"

வரிகளுக்கு நடுவே அந்தக் கடிதம். ஒவ்வொரு எழுத்தும் இங்கிலீஷ் விசையில்!

"அவருக்கு இப்படி அடிக்கவே வராது சார்... ஆபீஸ்லயே நீங்க ஒருத்தர்தான் இப்படி அடிப்பீங்க." அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "பாவி! என்ன பண்ணினார் உன்னை?"

"அப்போ... மூணு பத்துக்கு..." மேனேஜர் இழுத்தார்.

"நான் வச்ச டைமர்!"

முதலாளியம்மா போலீஸுக்குப் போன் போட்டார். மேனேஜர் நாற்காலியில் சரிந்தார்.

"கொட்டும்னு... யாருமே என்கிட்ட சொல்லலையே..."

தாடியின் மனைவி மேஜை டிராயரைத் திறந்தாள். கெர்னலுக்குத் தாடி எழுதிய தடிமனான மேனுவல். பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு மேனேஜர் மடியில் போட்டாள்.

"முதல் பக்கத்துலயே இருக்கு. போலீஸ் வர்றவரைக்கும் சும்மாத்தானே உக்காந்திருப்பீங்க... இப்பவாவது படிங்க சார்!"