விசில் குருவியும் அம்மாவின் நிரையும்

முனீஸ்வரிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். வாயை இறுக மூடிக்கொள்வாள். அந்தச் சனிக்கிழமை காலை, போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப் ஏறிக்கொண்டிருந்தபோது, அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டாற்போல் இருந்தது.

மற்ற சனிக்கிழமைகளில் ஜீப்பே அவள் கையில்தான். அம்மா கற்பகமும் மற்ற பெண்களும் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவார்கள். பள்ளி விடுமுறை என்பதால் அவளும் கூடவே தொற்றிக்கொண்டு, அம்மாவின் கைப்பேசியில் படம் எடுத்துத் தள்ளுவாள். வளைவுக்கு வளைவு, "மாமா, நிப்பாட்டு! கீழ போடி எம்புட்டு அழகா தெரியுது பாரு!" என்று கூவுவாள். ஜீப் ஓட்டும் முத்துக்கண்ணன் மாமா நிறுத்தவே மாட்டார். அதனால் அவள் எடுத்த மலைப் படங்களில் பாதி மலை இருக்கும். மீதிப் பாதியில் மொக்கம்மாள் அத்தையின் முந்தானை பறந்துகொண்டிருக்கும்.

இன்றைய கோபத்துக்குக் காரணம் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பெயர் யோகராஜ். மதுரையிலிருந்து வந்தவர். மடியில் ஒரு பெரிய பை, பைக்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு கேமரா.

"பாப்பா, அந்த விசில் குருவிக் கூட்டைப் படம் எடுத்தது நீதானா?" என்று அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உங்க மாமா ஸ்டேட்டஸ்ல போட்டது சுத்திச் சுத்தி எனக்கு வந்துருச்சு. எத்தனை நாளா அந்தக் குருவியைத் தேடுறேன் தெரியுமா?"

முனீஸ்வரி மாமாவின் முதுகை முறைத்தாள். போன வாரம் அந்தப் படத்தை அவள் மாமாவுக்கு மட்டும்தான் அனுப்பியிருந்தாள். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. 'என் மருமக எடுத்தது' என்று ஊருக்கே காட்டிவிட்டார். எந்தத் தோட்டம் என்பதையும் மறக்காமல் போட்டிருந்தார்!

"கூட்டை மட்டும் சாருக்குக் காட்டிரு ஆத்தா. அம்புட்டுத்தான்," என்றார் மாமா.

பூட்டுத் திறந்தது.

"காட்டமாட்டேன்."

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது? சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். காட்டமாட்டேன்னு சொல்லிட்டுச் சும்மா இருக்கேன்," என்றாள் முனீஸ்வரி.

அவள் பிடிவாதக்காரிதான். ஆனால் இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. போன வாரம் நல்ல படம் வேண்டும் என்ற ஆசையில் கூட்டுக்கு மிக அருகில் போய்விட்டாள். தாய்க்குருவி வாயில் புழுவோடு தள்ளி ஒரு பாறையில் நின்றது. கிட்டவே வரவில்லை. கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்திக் கத்தி ஓய்ந்துபோயின. பயந்துபோய் அவள் பின்வாங்கிச் செடிக்குள் ஒளிந்த பிறகுதான் தாய் வந்தது. தூரத்திலிருந்து எடுத்ததால் படம் கொஞ்சம் மங்கல். இருந்தால் என்ன? அன்று முழுக்க அந்தக் குஞ்சுகளின் சத்தம் அவள் காதிலேயே இருந்தது.

தோட்டத்தில் இறங்கியதும் பெண்கள் அவரவர் நிரைக்குப் போனார்கள். நிரை என்றால் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்த செடி வரிசை. காலையில் உங்களுக்கு ஒரு நிரை கொடுத்துவிட்டால், முடிக்கும்வரை அது உங்கள் ராஜ்ஜியம். வேறு யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள். கற்பகத்துக்கு அன்று கிடைத்தது ஓடைப் பக்கம் முடியும் நிரை. அதன் கடைசியில், ஓடைக்கரைச் சரிவில், பெரணிச் செடிகளுக்குப் பின்னால்தான் அந்தக் கூடு இருந்தது.

யோகராஜ் அவளைக் கெஞ்சவில்லை. பையிலிருந்து சின்னதாக ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியை எடுத்துப் பாதையோரக் கல்லில் வைத்தார். அதிலிருந்து விசில் சத்தம் கிளம்பியது.

அந்த விசிலைத் தெரியாதவர் தோட்டத்தில் கிடையாது. வேலைவெட்டி இல்லாத பையன் ஒருவன் பாதி மறந்துபோன பாட்டை விசிலடித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். கேரளத்திலிருந்து புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருமுறை, "வேலை நேரத்துல ஆரா விசிலடிக்குந்நது?" என்று தோட்டம் முழுக்கப் பையனைத் தேடி அலைந்திருக்கிறார்.

பெட்டி பாட, செடிகளுக்குள்ளிருந்து கருநீலமாக ஒன்று பாய்ந்து வந்தது. நெற்றியிலும் தோளிலும் பளபளக்கும் நீலம். அலகில் ஒரு புழு.

தன் இடத்துக்கு வேறொரு குருவி வந்துவிட்டதென்று அது நினைத்தது. புழுவைக் கீழே போட்டது. பெட்டியை ஆவேசமாகக் கொத்தியது. கேமரா சடசடவென்று ஓடியது.

"அருமை! அருமை!" என்றார் யோகராஜ்.

"சார், நிப்பாட்டுங்க. அது சண்டைக்கு நிக்குது. அங்க குஞ்சு பட்டினி கெடக்கும்."

"ஒரே நிமிஷம் பாப்பா."

அந்த ஒரு நிமிடம் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போனது. குருவி களைத்துப்போய் இறக்கையைத் தொங்கவிட்டது. அப்போதும் கொத்துவதை விடவில்லை. முனீஸ்வரி நேராகப் போய்ப் பெட்டியை எடுத்தாள். பித்தானை அமுக்கினாள். விசில் நின்றது.

"ஏ கழுத! கொண்டா அதை!" என்று மாமா கத்தினார்.

அவள் பெட்டியை இரண்டு கைகளாலும் யோகராஜிடம் நீட்டினாள். "இந்தாங்க சார். ஒண்ணும் ஆகல. ஆனா திரும்பப் போட்டா, திரும்ப அமத்துவேன்."

குருவி புழுவைக் கவ்விக்கொண்டு பறந்தது. நேராகக் கற்பகத்தின் நிரைக் கடைசிக்கு! யோகராஜின் கேமரா அதன் பின்னாலேயே போனது.

"கண்டுபிடிச்சாச்சு! அந்தப் பெரணிதான் மறைக்குது. கொஞ்சம் வெட்டிவிட்டா கூடு பளிச்சுன்னு தெரியும்," என்றார்.

மாமா ஜீப்பிலிருந்து அரிவாளை எடுத்தார். மழைக்கும் பாம்புக்கும் அந்தப் பெரணிதான் கூட்டுக்கு மறைப்பு. அதை வெட்டினால் குஞ்சுகளை வீதியில் விட்ட மாதிரிதான். முனீஸ்வரி ஓடினாள். அம்மாவின் நிரை தொடங்கும் இடத்தில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"இது எங்கம்மா நிரை! அம்மா எடுத்து முடிக்கிற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது!"

"நான் என்ன காயெடுக்கவா போறேன்? தள்ளு!" என்றார் மாமா.

"தள்ளமாட்டேன்!"

பக்கத்து நிரையிலிருந்து மொக்கம்மாள் அத்தையின் தலை எழும்பியது. "நிரைன்னா நிரைதான் முத்துக்கண்ணா. சூப்பர்வைசரே பாதையில நின்னுதானே கத்துறாரு? நீ என்ன அவருக்கும் மேலயா?"

எல்லோரும் கற்பகத்தைப் பார்த்தார்கள். அவள் மண் படிந்த கையோடு எழுந்தாள். 'சும்மா இரு' என்றுதான் சொல்லப்போகிறாள் என்று முனீஸ்வரிக்குத் தோன்றியது. ஆனாலும் கைகளை இறக்கவில்லை.

கற்பகம் தம்பியைப் பார்த்தாள். அரிவாளைப் பார்த்தாள். மகளின் விரித்த கைகளைப் பார்த்தாள்.

"எம் நிரைதான். நான் இன்னும் முடிக்கல," என்றாள்.

"எப்பக்கா முடிப்ப?"

"முடிக்கிறப்ப முடிப்பேன். நீ போயி உன் சோலியப் பாரு."

சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்திலேயே கற்பகத்தின் கைதான் வேகமான கை. அன்றோ ஒரு காயைப் பறிப்பாள். திருப்பிப் பார்ப்பாள். துடைப்பாள். பையில் போடுவாள். அப்புறம் நிதானமாக அடுத்த காயைத் தேடுவாள்.

"ஏண்டி கற்பகம், காய்க்குப் பேன் பாக்குறியா?" என்றாள் மொக்கம்மாள். தோட்டமே சிரித்தது. மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அரிவாளைக் கொண்டுபோய் ஜீப்பில் போட்டார்.

யோகராஜுக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பிப் போகலாம் என்றால், வேலை முடிந்து பெண்கள் ஏறினால்தான் ஜீப் கிளம்பும். முனீஸ்வரிக்கே பாவமாக இருந்தது.

"சார், ஓடைப் பாலத்துக்குக் கீழ அந்தக் குருவி குளிக்க வரும். பெட்டி வேணாம். அசையாம உக்காந்துருந்தா வரும்."

வேறு வழியில்லாமல் அவர் போய் உட்கார்ந்தார். குருவி வந்தது. அதற்கு முன்பே அட்டைகளும் வந்துவிட்டன. அவர் "ஐயோ!" என்று துள்ளும்போதெல்லாம் குருவி பறந்தது. மாமா உப்புப் பொட்டலத்தோடு ஓடிக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்கு மேல் பனிமஞ்சு இறங்கி ஓடையை மூடிக்கொண்டது. யோகராஜ் கேமராவைப் பார்த்தார். ஒரு படத்தில் தண்ணீர்த்துளி தெறிக்கும் வால் மட்டும் அழகாக விழுந்திருந்தது.

"நீ இன்னைக்கு எத்தனை படம் எடுத்தே?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட எடுக்கல சார்."

"அப்புறம் இவ்வளவு சண்டை போட்டு உனக்கு என்னதான் கெடச்சுது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. குஞ்சுகளுக்குத்தான் சாப்பாடு கெடச்சுது."

அவர் அந்த விசில் பெட்டியைப் பையின் அடியில் போட்டு, மேலே துண்டை வைத்து மூடினார்.

மாமா தலையைச் சொறிந்தார். "இனிமே உன் படத்தை ஸ்டேட்டஸ்ல போடல ஆத்தா."

"போடு மாமா. எந்தத் தோட்டம்னு மட்டும் போடாத."

சாயங்காலம் காய்களை எடை போட்டார்கள். எல்லோருடைய பையும் உருண்டு திரண்டிருக்க, கற்பகத்தின் பை வாடிப்போய்க் கிடந்தது. இன்று அம்மாவின் கூலி குறையும். முனீஸ்வரிக்கு அது அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் தராசையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்து பற்றி கற்பகம்? என்ன ஆச்சு? நிரையில காய் இல்லையா?"

"காயெல்லாம் இருக்கு சார்," என்றாள் கற்பகம். "நிரைக் கடைசியில கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தா. தொந்தரவு பண்ணாம மெதுவா எடுத்தேன். மிச்சத்தை அவ போனப்புறம் எடுக்குறேன்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சூப்பர்வைசர் கழுத்தை நீட்டி நிரையைப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"கைக்குழந்தைக்காரியா? ஆரு அது? எங்க இருக்கா?"

"சொல்லமாட்டோம் சார்!" என்று கத்திவிட்டு, முனீஸ்வரி அம்மாவை இழுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.