சன்னலோரக் கட்டில்

புது வீட்டுக்குக் குடிவந்து பதினோரு நாள் ஆன காலையில், யாரும் படுக்காத கட்டிலில் யாரோ படுத்து எழுந்த பள்ளம் இருந்தது.

மார்வா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். முந்தின மாலை அவள்தான் விரிப்பை இழுத்துச் செருகி, மஞ்சள் பூப்போட்ட தலையணையைத் தட்டி வைத்திருந்தாள். இப்போது தலையணை நடுவில் குழிந்திருந்தது. விரிப்பு கால்மாட்டின் விளிம்பு வரை கசங்கியிருந்தது. லேசாக பே ரம் வாசனை, காய்ச்சல் உடம்புக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனை. மகள் ரொஷீனுக்குக் கடைசி வாரம் முழுக்க அவள் தேய்த்தது அதைத்தான்.

கட்டில் பெரியவர்களுக்கானது. பிள்ளை வளர்ந்தாலும் ஆகும் என்று வாங்கியது. ஏழு வயதுக் கால் அந்த விளிம்பு வரை எட்டாது. அதை அவள் கண்டாள். காணாத மாதிரி குனிந்து தலையணையை முகர்ந்தாள்.

"வந்துட்டியா?" என்றாள், மெல்ல.

ரொஷீனுக்கு டெங்கு வந்தது போர்ட்மோரில், புழுக்கம் அடங்காத பழைய வீட்டில். எல்லாம் முடிந்து ஒன்பதாம் ராத்திரி, வழக்கப்படி வாசல் பந்தலில் அக்கம்பக்கத்தார் விழித்திருந்து பாடிக்கொண்டிருந்தபோது, கணவன் லாசெல்ஸின் அக்கா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு பிள்ளையின் அறைக்கு வந்தாள். மெத்தையைப் புரட்ட வேண்டும், கட்டிலையும் அலமாரியையும் இடம் மாற்ற வேண்டும். டப்பியாக, ஆவியாகத் திரும்பி வருகிறவர்களுக்குத் தங்கள் அறை அடையாளம் தெரியக் கூடாது. தெரியாவிட்டால்தான் தம் வழியே போவார்கள். மார்வா கதவை மறித்து நின்றாள். "ஒரு சாமானைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்." யாரும் தொடவில்லை. பிள்ளைக்கு நடந்ததற்கு இருக்கிற அந்த ஒரு சொல்லையும் அதற்குப் பிறகு அவள் முன்னால் யாரும் சொல்லவில்லை. அவளும் சொன்னதில்லை.

வீடு மாறலாம் என்றவன் லாசெல்ஸ். மாண்டெவில் மலைப்பக்கம், சத்தமில்லாத குடியிருப்பு, செம்மண் தோட்டம், ஒரு ஆரஞ்சு மரம். வீடு பார்க்க வந்த அன்று அவன் குழாய்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். மார்வா நேரே பின்னறைக்குப் போனாள். சன்னலை அடைத்துக்கொண்டு ஓர் அலமாரி நின்றது. அதன் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தாள். பழைய வீட்டில் ரொஷீன் அறைக்கு இருந்த அதே பக்கம் சன்னல்.

"இந்த வீடுதான்," என்றாள்.

வெளிச்சத்தை மறைத்து அலமாரி வைத்தவர்கள் யார், எதற்கு என்று அந்த நாட்டில் சிறுபிள்ளைகூடக் கேட்டிருக்கும். அவள் கேட்கவில்லை. குடிவந்த அன்று அலமாரியைத் தள்ளியபோது தரையில் வெளுத்த நான்கு தடங்கள் தெரிந்தன. கட்டில் கால்கள் நான்கும் அவற்றில் அப்படியே உட்கார்ந்தன. யாரோ அவளுக்காக இடம் பிடித்து வைத்த மாதிரி.

"நீ அங்க போய்ப் படுத்தியா, மார்வா?" என்றான் லாசெல்ஸ், பள்ளத்தைப் பார்த்து. வாசலைத் தாண்டி அவன் உள்ளே வரவில்லை.

"இல்ல. அவ வந்திருக்கா. வாசனையைப் பாரு."

"கட்டிலைத் திருப்பிடலாம்மா. பாவம், அவளும் போகட்டும்."

"திருப்பினா இந்த வீடு அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பன் பிள்ளையை விட்டுட்டு வீடு மாறிட்டான். அம்மாவும் மாறணுமா?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஐசில்டா ஒரு பை ஆரஞ்சோடு வந்தாள்.

"குடிவந்தவங்க வேலியோரம் வந்து ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா, மிஸ் மார்வா? நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்? இருக்கிறதே ரெண்டு பல்லு!"

சிரித்துக்கொண்டே சமையற்கட்டுப் பக்கம் சுற்றி வந்தவள், பின்னறைச் சன்னலைக் கடக்கும்போது நின்றாள். சிரிப்பும் நின்றது.

"அந்த அலமாரியை யாரு நகர்த்தினது?"

"நான்தான். ஏன்?"

"கட்டிலை ஏன் அங்க போட்டீங்க?"

"என் பொண்ணு கட்டில் அப்படித்தான் இருக்கும்."

"அது காலிமோர் கிழவர் கிடந்த இடம், தங்கச்சி. அங்கதான் போய்ச் சேர்ந்தாரு. மூட்டு வலின்னு ராத்திரி ராத்திரி பே ரம் ஊத்தித் தேய்ப்பாரு, என் வீடு வரைக்கும் அடிக்கும். மகனுங்க முறையா எல்லாத்தையும் மாத்திப் போட்டுட்டுத்தான் வீட்டை வித்தாங்க." பையைத் தரையில் வைத்தாள். "இருட்டறதுக்குள்ள திருப்பிடு. நான் உள்ள வரமாட்டேன். கோவிச்சுக்காத."

மாலையில் மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. முதலில் ஆரஞ்சு மரம் மங்கியது, பிறகு வேலி, பிறகு தெரு. கூரையில் சேர்ந்த ஈரம் சொட்டுகிற ஓசையும், எங்கோ ஒரு நாய் குரைத்துக் குரைத்து ஓய்கிற ஓசையும், அவற்றுக்கடியில், மிகத் தணிவாக, பின்னறைக் கட்டிலின் சுருள்கம்பிகள் ஒவ்வொன்றாக அமுங்குகிற ஓசையும் கேட்டன.

மார்வா உள்ளே போனாள். விளக்கைப் போடவில்லை. கால்மாட்டுச் சட்டத்தைப் பிடித்தாள். ஒரு இழுப்பு போதும். தடம் விலகிவிடும். கிழவர் போய்விடுவார்.

ஆனால் ரொஷீன் இன்னும் வழியில் இருந்தால்? தன் அறையைத் தேடி மலையேறி, இந்தச் சன்னல் வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, இது இல்லை என்று திரும்பிவிட்டால்?

கை இழுக்கவில்லை.

தலையணைப் பக்கம் சளி கட்டின மூச்சு. ஏறியது. இறங்கியது. பே ரம் நெடி கண்ணை எரித்தது. போர்வை உப்பியது. தோள். இடுப்பு. முழங்கால்.

"எந்திரிங்க, ஐயா," என்றாள். "இது என் பொண்ணு இடம். சின்னப் பிள்ளை. இருட்டுன்னா பயப்படுவா. ஓடி வந்து இங்கதான் படுப்பா."

மூச்சு நின்றது. காது கொடுத்துக் கேட்பது போல.

பிறகு அந்த உடம்பு அசைந்தது. மெதுவாக. சுவர்ப் பக்கம் ஒண்டிக்கொண்டது. இந்தப் பக்கம் இடம் விட்டது, ஒரு பிள்ளை படுக்கிற அளவுக்கு. போர்வையின் ஓரம் எழுந்தது. பயந்து ஓடி வருகிற பிள்ளையை உள்ளே விட்டுக்கொள்ளப் பெரியவர்கள் தூக்கிப் பிடிப்பார்களே, அப்படி. தூக்கின இடத்தில் கை இல்லை.

மார்வா சன்னலைப் பார்த்தாள். பனி. கதவைப் பார்த்தாள். கூடம் காலி. அந்த இடம் அப்படியே இருந்தது. போர்வை காத்திருந்தது. அவளும் காத்திருந்தாள். அறை முழுக்க இருட்டும் வரை.

யாரும் வரவில்லை.

"அவ வரமாட்டா, மிஸ்டர் காலிமோர்." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "என் பொண்ணு செத்துட்டா."

போர்வை இறங்கவில்லை. சுருள்கம்பி முனகியது. சுவரோரம் கிடந்தது இன்னும் ஒடுங்கிக்கொண்டது. இடம் அகன்றது. இப்போது பெரியவள் ஒருத்திக்குப் போதும்.