தைக்காமல் விட்ட ஆள்

தூங்கும்போது சில்வண்டின் ஒரு கை மட்டும் படுக்கையில் இல்லை.

விழித்திருக்கும் நேரமெல்லாம் வாய் ஓயாது என்பதால் அப்பா வைத்த பெயர் அது. பள்ளி விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு அவள் ஒரு தூக்கம் போட்டால்தான் வீட்டுக்குக் கொஞ்சம் அமைதி. அன்று மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட வந்த அவள் அம்மா, திரையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். குழந்தையின் இடது கை கட்டில் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. தூங்குகிறவர்களின் கை தொங்கத்தானே வேண்டும்? இது தொங்கவில்லை. மின்விசிறியின் காற்றில் தலையணை உறைகூட அசைந்துகொண்டிருக்க, அந்தக் கை மட்டும் அந்தரத்தில், விரல்கள் மெல்ல மடங்கி, எதையோ பற்றிக்கொண்டிருப்பதுபோல நின்றது.

கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். பாத்திரம் கழுவிவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அது மறுபடியும் வெளியே இருந்தது.

சாயங்காலம் கடைக்குப் போகும் வழியிலும் அப்படித்தான். ஒரு கை அம்மாவிடம், இன்னொரு கை விலாவிலிருந்து சற்று விலகி, காற்றில். நடைபாதையில் விளக்குக் கம்பம் குறுக்கே வந்தபோது, கம்பத்துக்கும் தனக்கும் நடுவில் இன்னொருவர் போக இடம் விட்டுச் சில்வண்டு ஒதுங்கி நடந்தாள்.

"ஏன்டி கையை அப்படி நீட்டிட்டே வர்ற?"

"நான் நீட்டலம்மா. இழுக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்கிற பெண் வாயைத் திறக்காமல் வந்தது, நீட்டிய கையைவிட அம்மாவைப் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் எதிர்ச்சுவரில் இருந்த படத்தை அம்மா பார்த்தாள். அவள் தைத்த படம். தைத்து முடித்த நாளிலிருந்து தினமும் பார்க்கிற படம்தான். கண்ணாடி போடக் கடைக்குப் போகச் சோம்பல் பட்டுக்கொண்டு, எம்ப்ராய்டரி வளையத்தோடே ஆணியில் மாட்டியிருந்தாள்.

கிராஸ் ஸ்டிச் வேலை, துணியில் கட்டம் கட்டமாகக் குறுக்குத் தையல் போட்டு நிரப்புவது. அக்கா அனுப்பிய கட்டம் போட்ட டிசைனில், ஒரு வீட்டு வாசலில் நான்கு பேர் வரிசையாக நின்றார்கள். முதலில் அம்மா, அவள் தோளில் கை போட்டபடி அப்பா, அப்பாவின் மறுகையைப் பிடித்தபடி பெரிய பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் ஒரு சின்னப் பெண். யாரோ முகம் தெரியாதவர்களின் குடும்பத்தைத் தைத்துச் சுவரில் மாட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் தங்களுக்குத் தக்கபடி மாற்றினாள். கதவுக்குத் தங்கள் கதவின் பச்சை. அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி, முன்வழுக்கை. வழுக்கையைப் பார்த்துக் கணவன் இரண்டு நாள் முறைத்தான். தனக்குத் தன்னுடைய தோள்வரை முடி, நீலச் சட்டை. பெரிய பெண்ணுக்குச் சில்வண்டின் மஞ்சள் கவுன். இவர்களுக்கு ஒரே குழந்தை. அதனால் சின்னவளைத் தைக்காமல் விட்டு, அந்தக் கட்டங்களில் சுவரையும் புல்லையும் நிரப்பிவிட்டாள்.

ஆளை எடுத்தவள் கையை மாற்றவில்லை. படத்தில் மஞ்சள் கவுன் பெண்ணின் கை வெறும் சுவரில் நீண்டு, விரல் மடங்கி, யாரையோ பிடித்துக்கொண்டிருந்தது.

அக்காவுக்குப் போன் செய்தாள்.

"ஆளைத் தூக்கிட்டு கையை அப்படியே விட்டுட்டியா? கெட்டிக்காரிதான் போ!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன, பத்து தையல் இருக்குமா? பிரிச்சுட்டு நேரா கீழ இறக்கித் தை. இதுக்கெல்லாமா குரல் நடுங்கும்?"

மறுநாள் மதியம் குழந்தை தூங்கியபின், ஹாலில் ஜன்னலோரம் வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னக் கத்தரியின் நுனியை விரல்நுனித் தையலுக்கு அடியில் நுழைத்து ஒன்றே ஒன்றை வெட்டினாள். நூல் பிரிந்தது.

"அம்மா!"

ஓடினாள். சில்வண்டு எழுந்து உட்கார்ந்து தன் கையைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தாள். "விரல் தெரியலம்மா, விரல் தெரியல!" விரல் இருந்தது. ஆனால் மெழுகுபோல் வெளுத்திருந்தது. தொட்டால் குளிர்சாதனப் பெட்டிக்குள் கை விட்டதுபோல இருந்தது. தேய்த்தாள், ஊதினாள், வெந்நீரில் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், செய்வது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே, ஹாலுக்கு வந்து அந்த ஒரு தையலைத் திரும்பப் போட்டாள். உள்ளே அழுகை நின்றது.

கையைப் பிரிக்க முடியாதென்றால், அதைப் பிடித்துக்கொள்ள யாராவது வேண்டும். அக்காவின் டிசைனில் இருப்பதுபோலச் சின்னவளைத் தைத்துவிடலாம்தான். ஆனால் தைத்தால் அது வந்து நிற்கும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தன் பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டிருப்பது எதுவோ, அதற்குக் கண்ணும் காலும் தன் கையாலேயே கொடுப்பதா? வேண்டாம். அம்மா உயிரோடு இருக்கும்போது பிள்ளையின் கையை வேறு யார் பிடிக்க வேண்டும்?

கடைசியில், சின்னவள் நின்றிருக்க வேண்டிய இடத்தில், தன்னைத் தைக்க ஆரம்பித்தாள். சுவர்த் தையலைப் பிரித்துவிட்டு, அதே தோள்வரை முடி, அதே நீலச் சட்டை. மறுகையை உடம்போடு ஒட்டி, கவனமாக, கவனமாகக் கீழே இறக்கினாள். இரண்டு மதியங்கள் ஆயின. மஞ்சள் கவுன் பெண்ணின் விரல்களைச் சுற்றித் தன் விரல்களின் கடைசித் தையலைப் போட்டு முடிச்சிட்டபோது, படுக்கையறையில் மெத்தைமேல் ஏதோ மெல்ல விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். சில்வண்டின் கைதான். மெத்தையில் கிடந்தது, சூடாக, தளர்வாக, மற்ற குழந்தைகளின் கைபோல. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அவ்வளவு நிம்மதியாக அவள் அழுது வெகுநாள் ஆகியிருந்தது.

படத்தின் இரண்டு ஓரத்திலும் அவளே நிற்பதைப் பார்த்துக் கணவன் கேலி செய்யாமல் விடவில்லை.

"எனக்கு ரெண்டு பொண்டாட்டியா? ஒண்ணுகிட்டயே பேசி ஜெயிக்க முடியல."

"மாத்திடுவேன். சும்மா இருங்க."

"ஆமா, இப்பத்தானே பால்கனியில துணி எடுத்துட்டிருந்த? கூப்பிட்டேன், திரும்பிக்கூட பாக்கல. அதுக்குள்ள இங்க எப்படி வந்த?"

அவள் அன்று பால்கனிப் பக்கமே போகவில்லை. போய்ப் பார்த்தாள். கொடி காலியாக இருந்தது. துணிகள் எல்லாம் நாற்காலியில் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. அவள் மடிக்கிற மாதிரியே.

அன்றிரவு அவள் கண்ணை மூடவில்லை. விடிந்ததும் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. படுக்கையறையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். இரண்டு பேர் இருக்கக் கூடாது. பழையவளை எடுத்துவிட வேண்டும். கணவனுக்கு அடுத்து நின்றவளின் காலடியில் கத்தரியை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு தையலை வெட்டினாள். தன் கால்விரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. இன்னொன்று. வலியில்லை, மரப்பு இல்லை. தெம்பு வந்தது. பாதம், பாவாடை, நீலச் சட்டை, கழுத்து, வாய், கண், முடி. மடியில் நூல்துண்டுகள் குவிந்தன. அந்த இடத்தைச் சுவரின் மங்கிய வெள்ளையால் நிரப்பி முடிக்கையில் வெளியே மழை பிடித்து, அறை இருட்டிக்கொண்டு வந்தது. ஈரமண் வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது. அவள் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவின் வாசனை. அன்று அவள் தலைக்குக் குளித்திருக்கவில்லை.

வாசல் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கணவன் யாரோடோ பேசிக்கொண்டு வந்தான். போனாக இருக்கும்.

"நனைஞ்சுட்டியா? வா, உக்காரு முதல்ல." சிரிப்பு. "சில்வண்டு தூங்குறா போல."

போன்தான். போனாகத்தான் இருக்க வேண்டும்.

வளையத்தை ஒரு கையிலும் சில்வண்டின் கையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ஹாலை நோக்கி நடந்தாள். அவனிடம் காட்டி, இப்போது ஒருத்திதான், திருப்தியா என்று கேட்க வேண்டும். நடையில் முழங்கையால் விளக்கைப் போட்டாள். படத்தின்மேல் வெளிச்சம் விழுந்தது.

அப்பாவின் கை.

தூக்கியிருந்தது. வெறும் சுவரில். தோள் உயரத்தில்.

ஹாலில் சிரிப்பு நின்றது. அவள் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தாள்.

சோபாவின் ஒரு பக்கம் கணவன். அவன் கை பக்கவாட்டில் நீண்டு, ஒரு தோளின் உயரத்தில், ஒரு தோளின் வளைவில், காற்றில் படிந்திருந்தது. பக்கத்து மெத்தை அமுங்கியிருந்தது. கட்டைவிரல் மெதுவாக எதையோ வருடியது. கல்யாணமான புதிதிலிருந்து அவள் தோளை அவன் வருடுவது அப்படித்தான்.

"என்னங்க."

அவன் நிமிர்ந்தான். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தான். கோபமில்லை. விளையாட்டும் இல்லை. தவறான வீட்டு மணியை அடித்தவர்களைப் பார்க்கிற மரியாதையான பார்வை.

"யாருங்க நீங்க? யாரைப் பாக்கணும்?"

அவள் உள்ளங்கைக்குள் ஏதோ நழுவியது. இறுக்கிப் பிடித்தாள். சின்ன விரல்கள், ஒவ்வொன்றாக, உருவிக்கொண்டன.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு சில்வண்டு சோபாவை நோக்கி ஓடினாள்.

ஏறினாள். திரும்பினாள். உட்கார்ந்தாள். மெத்தைமேல் அல்ல. மெத்தைக்கு ஒரு சாண் மேலே, ஒரு மடியின் உயரத்தில், காற்றில். கால்களை ஆட்டினாள். ஒன்றுமில்லாத ஒன்றில் முதுகைச் சாய்த்தாள். பிறகு, தலை சீவும்போது ஒரு நொடி சும்மா இருக்கத் தெரியாத அந்தப் பெண் அசையாமல் இருக்க, அவளுடைய முடி தானாக மேலெழுந்து, மூன்றாகப் பிரிந்து, நிதானமாகப் பின்னிக்கொள்ளத் தொடங்கியது.