குளிர் தீர்ந்த மலை

அன்று காலை நினைவாலையின் விசிறிகள் நின்றுபோயின. பாதி மாநிலத்தின் பேச்சும் படமும் கணக்கும் கூக்கம்பாறையில் இருந்த அந்தக் கட்டடத்தின் கணினிகளுக்குள்தான் சேர்ந்து ஓடின. சமவெளியில் வைத்தால் இயந்திரங்களைக் குளிர்விக்கவே பாதி மின்சாரம் போய்விடும் என்றுதான் மலையேறி வந்தார்கள். இங்கே சன்னலைத் திறந்தால் குளிர் சும்மா கிடைத்தது. சும்மா கிடைப்பதை யார் விடுவார்கள்?

ஊர் மட்டும் விட்டதா? ஆலை கக்கிய சூட்டைக் குழாய் போட்டு வீட்டுக்கு வீடு வாங்கிக்கொண்டது. கம்பளி பரணுக்குப் போனது. அடுப்புப் புகையில் தொங்கிய விதைப்பூண்டைக்கூட அந்தக் குழாயடிக்கு மாற்றினார்கள். மலைக்கு மேலே போயிருக்க வேண்டிய சூடு ஊர் இருந்த பள்ளத்துக்குள்ளேயே சுற்றியது. இப்போது பூண்டைப் பிடுங்கினால் பல்லே இல்லை, சின்ன வெங்காயம் மாதிரி ஒற்றை உருண்டை. குளிர் படாத பூண்டு பல் பிரியாது.

ஊராட்சித் தலைவர் அழகுமணி ஆலை வாசலுக்குப் போனாள். வீடு வீடாகப் பேசி நிலம் கொடுக்க வைத்தவள் அவள்தான். மேலாளர் இருதயராஜ் லாரியில் கணினிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“கெளம்பிட்டீங்களா சார்?”

“இங்க குளிர் இல்லம்மா. கரண்டு செலவு பண்ணிக் குளிர வச்சா கட்டுப்படியாகாது. அடுத்த மலைக்குப் போறோம்.”

“குளிரு போனதே உங்களாலதான.”

“நாங்க கணிச்சத விட ரெண்டு வருசம் கூடவே தாங்குச்சும்மா,” என்றார், மலையைப் பாராட்டுகிறவர் போல.

குளிர் தீரும் என்று இவர்களுக்கு வந்த அன்றே தெரிந்திருக்கிறது.

“என்னைய வச்சே ஊரை ஏமாத்திட்டீங்களே.”

அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

அடுத்த மலையில் தாண்டிமேடு. அங்கேதான் அவள் அக்கா மகள் பவளக்கொடி வாக்கப்பட்டிருந்தாள். அந்த ஊரையாவது காப்பாற்றிவிட வேண்டும். அங்கேயே நின்று போன் போட்டாள்.

“பவளம், நெனவாலைக்கு நெலம் குடுத்துராதீங்கடி. இங்க பூண்டு போச்சு, எல்லாம் போச்சு.”



“நீங்க யாரு?”

“சின்னம்மாடி. கொரலு தெரியலையா?”

“கொரலெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா எங்க சின்னம்மா நேத்தே ஊர்ச் சாவடித் திரையில வந்து நெலம் குடுக்கச் சொல்லிப் பேசிட்டாங்க. யார் என்ன கேட்டாலும் பேர் சொல்லிப் பதில் சொன்னாங்க.”

இத்தனை வருடம் போனில் அழகுமணி பேசியதெல்லாம் லாரியில் ஏறிய அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்தது.

“அது நானில்லடி.”

“இப்படி யாராச்சும் என் கொரல்ல பேசி மனசக் கலைப்பாங்க, நம்பிராதீங்கன்னும் சொன்னாங்க,” என்றாள் பவளக்கொடி. “கையெழுத்தெல்லாம் போட்டாச்சு. வைங்க போன.”