ஊதாத குழாய்

நவம்பர் 18, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மூன்று பேருக்கு மூன்று சோதனைக்குழாய் போதும். நான் நான்கில், மூச்சுக்காற்று பட்டால் வெளுக்கும் சுண்ணாம்பு நீரை ஊற்றி, நான்கிலும் ஸ்ட்ரா போட்டுவிட்டேன். திண்டிவனத்தில் பகல் முழுக்க மருந்துக்கடையில் நின்றுவிட்டு, மாலை வகுப்புக்கு விழுப்புரம் வந்தால் கை தன்பாட்டுக்கு ஏதோ செய்கிறது. கொட்ட மனமில்லாமல் நான்காவதை ஸ்டாண்டின் ஓரத்தில் விட்டேன்.

பொன்னி ஊதினாள், நீர் பால்போல் வெளுத்தது. இனியவன் ஊதினான்; வெளுத்தது. நான் ஊதினேன். தெளிவாகவே இருந்தது.

"இன்னா கலை, மூச்சே வுடலியா நீ?" என்றான் இனியவன்.

"அவ மூச்ச கடையிலயே வுட்டுட்டு வந்துட்டா," என்று பொன்னி சிரித்தாள். "மேடம் உன்னுத பாக்கறதுக்குள்ள என்னுத காட்டிடுடி."

அவர்கள் கிளம்பிய பிறகு, என் மீதே சந்தேகப்பட்டு, நீரை மாற்றி மறுபடி ஊதினேன். ஸ்பிரிட் நெடியும், ஈர மேசையின் புளித்த வாடையும், மின்விசிறியின் கிறீச்சொலியும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த அறையில், என் குழாயில்தான் குமிழிகள் எழுந்தன. வெளுத்ததோ ஓரத்தில் இருந்த குழாய்.

அதை யாரும் ஊதவில்லை.

குனிந்து பார்த்தேன். அதன் ஸ்ட்ராவிலும் குமிழி வந்துகொண்டிருந்தது. தூங்குபவரின் மூச்சுபோல, மெதுவாக. நான் மூச்சை அடக்கினேன். அது நிற்கவில்லை.

பிறகு நின்றது.

என் நெஞ்சும் நின்றது. இழுத்தேன். காற்று வரவில்லை. மேசையைப் பிடித்தேன். கண் இருண்டது.

ஒரு குமிழி.

மூச்சு வந்தது.

ஸ்ட்ராவை உருவ நினைத்து விரலால் தொட்டேன். மறுபடி மூச்சு அடைத்தது. விட்டுவிட்டேன்.

"போம்மா, பூட்டணும்," என்று வாட்ச்மேன் விளக்கை அணைத்தார்.

திண்டிவனம் வீட்டிலிருந்து பொன்னிக்குப் போன் செய்தேன். ஓரத்துக் குழாயைத் தொடாதே என்றேன்.

"அடப் போடி, சுண்ணாம்புத் தண்ணிக்கு இம்மாம் பேஜாரா? கழுவுற முறை நாளைக்கு என்னுது. காலையிலயே வந்து எல்லாத்தையும் கொட்டிக் கவுத்துடுவேன்."

பதில் சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை. பூட்டிய அறையில், இருட்டில், அடுத்த குமிழி இன்னும் எழவில்லைபோலும்.

நாளைய வேலை: முதல் ரயிலில் போய், யாரும் அதைக் கொட்டிவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.