வரைபடத்தில் விட்டுப்போன ஆள்

அனுஷாவின் அப்பா கூடத்தின் நடுவே பச்சை டேப்பை ஒட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். தரையில் ஆறடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு கட்டம்.

"இதுதான் கடல்," என்றார்.

"தாண்டலாமா?" என்று கேட்டாள் அனுஷா.

"இப்போ தாண்டலாம். அடுத்த மாசம் முடியாது."

அப்பா தாணுலிங்கம் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவர். ஸ்ரீவராகத்தில் அவர்கள் வீட்டுக் கூடம் நல்ல நீளம். வாசல் பக்கப் பாதியில் அப்பாவின் அலுவலகம். உள்பக்கப் பாதியில் சாப்பாட்டு மேசை. நடுவே தடுப்பு கிடையாது. வீடு கட்டப் போகிறவர்கள் வந்து உட்கார்ந்தால், அப்பாவின் தோளுக்கு மேலே எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைப் பாருங்கள் என்பதுபோல ஃபிரிட்ஜ் தெரியும். அதன் மேலிருக்கும் நேந்திரம்பழக் குலையும் தெரியும்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பலகையால் மறைக்க யோசித்தார். கடைசியில் மீன்தொட்டியால் மறைப்பது என்று முடிவானது. சாதாரணத் தொட்டி இல்லை, உப்புத் தண்ணீர்த் தொட்டி. பவளமெல்லாம் வேண்டாம், கடல் மீன்கள் மட்டும்.

எதையும் அரைகுறையாகச் செய்வது அப்பாவுக்குப் பழக்கமில்லை. எழுநூறு லிட்டர் தண்ணீரைத் தரை தாங்குமா என்று இரண்டு நாள் கணக்குப் போட்டார். கரண்ட் போனால் மோட்டார் நிற்காமல் இருக்க இன்வெர்ட்டர் பார்த்து வைத்தார். சங்குமுகம் கடற்கரைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வரலாம் என்ற அனுஷாவின் யோசனையை மட்டும் ஏற்கவில்லை.

"கரையோரத் தண்ணி அழுக்கு மக்ளே. அதுக்குன்னு தனியா உப்பு விக்கான். வாங்கிக் கலக்கணும்."

"குழம்புக்குப் போடுற உப்பு போதாதாப்பா?"

"அதைப் போட்டா மீன்குழம்புதான் கிடைக்கும்."

அனுஷா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா அவளோடு இவ்வளவு நேரம் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

"சாப்பாட்டு மேசைல, என் பக்கத்துல இருந்து பார்த்தா எந்த மீன் முதல்ல தெரியும்?"

"உன் பக்கமா? அது தொட்டியோட முதுகுல்லா. பின் கண்ணாடிக்கு நீலம் அடிச்சு, குழாயெல்லாம் அதுக்குப் பின்னால வச்சு, பலகை போட்டு மூடிருவோம். உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

போன் அடித்தது. அப்பா வாசலுக்குப் போய்விட்டார்.

அனுஷா தரையிலிருந்த பச்சைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா பிரேமா இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்னால் மதுரைக்கு மாற்றலானது. சனிக்கிழமை காலையில் தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவாள். மற்ற ஐந்து நாளும் அனுஷா நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, பிளாஸ்கில் இருக்கும் பாலைத் தானே ஊற்றிக் குடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் யாரும் இல்லை. அலுவலகத்தில் ஆள் இருக்கும்போது அப்பாவைக் கூப்பிடக்கூடாது. அது வீட்டுச் சட்டம்.

ஆனால் அங்கிருந்து அப்பாவின் முதுகு தெரியும். முதுகுதானே என்று நினைக்க வேண்டாம். அப்பா பென்சிலால் காதைச் சொறிந்தால் கணக்கு தப்பிவிட்டது என்று அர்த்தம். தோள் குலுங்கினால் சிரிக்கிறார். அந்த முதுகுதான் அனுஷாவுக்குத் துணை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, நீல அட்டை போட்ட நோட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். எதுவும் தெரியவில்லை. அழுகை வந்தது. நோட்டை இறக்காமலே அழுதாள்.

மறுநாள் இரண்டு முறை அப்பாவிடம் சொல்லப் பார்த்தாள். முதல் முறை போன் வந்தது. இரண்டாம் முறை ஆள் வந்தது.

"பிறகு சொல்லு மக்ளே," என்றார் அப்பா. அந்தப் பிறகு வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் வந்தபோது, தொட்டியின் வரைபடம் அப்பாவின் மேசையில் விரித்துக் கிடந்தது. அப்பா வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குத் தொட்டி செய்யும் பேச்சிமுத்து வருவார். அளவை உறுதி செய்துவிட்டால் கண்ணாடி வெட்டிவிடுவார்கள்.

அப்பா எந்த வரைபடத்திலும் குட்டி மனிதர்களைப் போடுவார். யார் எங்கே இருப்பார்கள், எதைப் பார்ப்பார்கள் என்று காட்டத்தான். இதிலும் அலுவலகப் பாதியில் நாலு பேர் இருந்தார்கள். நாற்காலியில் இருவர், மேசைக்குப் பின்னால் ஒருவர், கதவருகே ஒருவர். உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணிலிருந்து தொட்டிக்குப் புள்ளிக்கோடும் போட்டிருந்தது.

வீட்டுப் பாதியில் சாப்பாட்டு மேசை இருந்தது. ஃபிரிட்ஜ் இருந்தது. நேந்திரங்குலைகூட இருந்தது. ஆள் ஒருவரும் இல்லை.

அனுஷா பென்சிலை எடுத்தாள். சாப்பாட்டு மேசையருகே இரட்டைச் சடையோடு ஒரு குட்டிப் பெண்ணை வரைந்தாள். அவள் கண்ணிலிருந்து அப்பாவின் முதுகை நோக்கி ஒரு புள்ளிக்கோடு போட்டாள். நீலக் கண்ணாடி வந்த இடத்தில் கோட்டை நிறுத்திவிட்டாள். பிறகு தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

பேச்சிமுத்து சரியாக ஐந்துக்கு வந்தார். படத்தின் மேல் குனிந்தார்.

"சாரே, பின்பக்கம் ஒரு ஆளு இருக்கே! ஜடையெல்லாம் போட்டு?"

"நான் போடலியே," என்றபடி அப்பாவும் குனிந்தார். நின்றுபோன புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு திரும்பி, கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த அனுஷாவைப் பார்த்தார்.

"நான்தான்பா," என்றாள் அவள். "நாலு மணியிலிருந்து இங்கேதான் இருப்பேன். தொட்டி வந்தா உங்களைப் பார்க்க முடியாது."

அப்பா பென்சிலால் காதைச் சொறிந்தார்.

"பழக்குலையைப் போட்டிருக்கேன். உன்னைப் போடலை," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "பேச்சிமுத்து, ரெண்டு பக்கமும் நீலம் அடிக்காம வெறும் கண்ணாடி வைக்க முடியுமா?"

"வைக்கலாம் சார். குழாயை எங்க கொண்டு ஒளிக்க?"

அனுஷா எழுந்து வந்தாள். தொட்டியின் ஒரு முனை சுவரைத் தொடும் இடத்தைக் காட்டினாள்.

"இந்த ஓரத்துல வைக்கலாமா மாமா? இங்கே யாரும் உட்கார்ந்து பார்க்கப் போறதில்லையே."

பேச்சிமுத்து அளவு நாடாவை இழுத்து அளந்தார். "தொட்டியில ஒரு முக்காலடி போகும். சார் ஆசைப்பட்ட பெரிய லயன் மீனை மறந்திரணும். மத்தபடி நல்லாவே வரும்!"

"அப்போ முதல்லயே சொல்லியிருக்கலாமே, வே?" என்றார் அப்பா.

"சார் கேக்கலியே!"

அடுத்த மாதம் தொட்டி வந்தது. தண்ணீரும் உப்பும் மணலும் கல்லும் வந்தன. மீன் வரவில்லை. தண்ணீர் பக்குவப்பட இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்றார் பேச்சிமுத்து. அப்பா தன் மேசையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டார். கழுத்தை லேசாகத் திருப்பினால் தொட்டி தெரியும்.

முதல் நாளே, வீடு கட்டப் போகும் சுனில் சார் தன் வீட்டுப் படத்தைப் பார்க்க வந்தார். சாப்பாட்டு மேசையில் அனுஷா மலையாளப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன சாரே, மீன் ஒண்ணுகூட இல்லா. வெறும் வெள்ளத்தப் பார்த்தா சிரிக்கிறீங்க?" என்று அவர் மலையாளம் கலந்து கேட்டது அவள் காதில் விழுந்தது.

"ஒண்ணு இருக்கு," என்றார் அப்பா. "நல்லாப் பாருங்க."

சுனில் சார் கண்ணாடியருகே குனிந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அனுஷா கன்னத்தை உப்பிக்கொண்டு, வாயை இரண்டு முறை திறந்து மூடினாள்.